பழனி மலைப் பகுதியில் புற்றுநோய்த் தடுப்பு விழிப்புணர்வு

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல், பழனி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும், மலையின் தென்சரிவில் தேனி மாவட்டத்தின் பெரியகுளம் பக்கத்திலும் புற்றுநோயைத் தடுக்கவும் முன்கூட்டியே கண்டறியவும் ஊர்தோறும் பள்ளிதோறும் நடந்துவரும் பணிகளின் வரலாறு இது. வெளியுலகுக்குக் கொடைக்கானல்தான் தெரிந்த பெயர். ஆனால் புற்றுநோய்த் தடுப்பைப் பொறுத்தவரை உலக மருத்துவ இதழ்களில் இடம்பெற்ற பெயர், ஒட்டன்சத்திரத்துக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள அம்பிளிக்கை. கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் சாவுகளை எளிய சோதனை ஒன்றால் குறைக்க முடியும் என்பது 2007இல் இந்த வட்டாரப் பெண்களைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டது.

புகையிலை விளைந்த மண்

புற்றுநோய்த் தடுப்புக்கு உலகுக்கே வழிகாட்டிய இந்த மாவட்டம், அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே புகையிலைக்குப் பெயர் பெற்றது. திண்டுக்கல் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து போன சரக்கு. ஸ்பென்சர் நிறுவனம் இங்கே சுருட்டு ஆலை நடத்தியது. வேடசந்தூரில் 1948 முதல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. வெற்றிலையோடு போயிலை போடுவது வயல்வேலைக்குப் போகும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பசி மறக்கும் வழியாக இருந்தது. மலைத்தோட்டக் கூலிகளுக்குக் குளிர் தாங்கும் வழியாகவும் இருந்தது. புகையிலை ஒரே நேரத்தில் பயிராகவும் தொழிலாகவும் பழக்கமாகவும் ஊன்றிய மண்ணில் அதற்கு எதிராகப் பேசுவது, பிற மாவட்டங்களில் பேசுவதைவிடக் கடினம். இங்கே நடந்த பிரசாரங்களை எடைபோடும்போது இதை மறக்கக்கூடாது.

அடையாற்றிலிருந்து வந்த வழி

தமிழ்நாட்டில் புற்றுநோய் பற்றிய பொதுப்பேச்சு முத்துலட்சுமி ரெட்டியிடமிருந்து தொடங்குகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவர் மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். முற்றிய நிலையில் வருபவர்களே பெரும்பாலோர் என்பதால், மருத்துவமனைக்குள் இருந்துகொண்டு மட்டும் இந்த நோயோடு போராட முடியாது என்பதைச் சாந்தா தம் பணிக்காலம் முழுக்கச் சொல்லிவந்தார்.

1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சர் சி.என். அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்தார். அவருக்குப் புகையிலை மெல்லும் பழக்கம் இருந்தது. எந்தத் துண்டறிக்கையும் கொண்டுசேர்க்காத அளவுக்கு அந்த மரணம் நோயின் பெயரைக் கடைக்கோடிச் சிற்றூருக்கும் கொண்டுசேர்த்தது. ஆனால் பரவியது அச்சமே. புற்று வந்தால் முதலமைச்சரே பிழைக்கவில்லை, நாம் எம்மாத்திரம் என்ற எண்ணம், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவே உதவியது. பின்னாளில் ஊர்களுக்குள் போன பணியாளர்கள் முதலில் கரைக்க வேண்டியிருந்தது அறியாமையை அன்று, இந்த முடிவுகட்டிய மனநிலையை.

அம்பிளிக்கை

ஒட்டன்சத்திரத்தில் 1955இல் ஏ.கே. தரியன், ஜேக்கப் செரியன் ஆகிய மருத்துவர்கள் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அந்த மரபிலிருந்து பின்னர் அம்பிளிக்கையில் சமுதாய நல மையம் உருவானது. 1990களின் நடுப்பகுதியில், அடையாறு மருத்துவமனையின் வழிகாட்டலோடு, அம்பிளிக்கை மையம் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. எந்த ஊரில், எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்பதை வீடு, மருத்துவமனை, இறப்புப் பதிவு என்று தேடித்தேடிக் குறித்துவைக்கும் வேலை அது. அப்போது நாட்டில் இருந்த இத்தகைய பதிவேடுகள் பெரும்பாலும் மாநகரங்களைச் சார்ந்தவை. கிராமப்புறத்தில் நோய் எப்படி இருக்கிறது என்று சொன்ன வெகுசிலவற்றுள் இதுவும் ஒன்று. பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் நின்றது பதிவேட்டின் வழியே தெளிவானது. யாரிடம் எதைப் பற்றிப் பேசுவது என்பதை ஊகத்தால் அல்லாமல் கணக்கால் முடிவுசெய்ய அது வழிவகுத்தது.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் பணியாற்றிய, கேரளத்தைச் சேர்ந்த ரெங்கசாமி சங்கரநாராயணன், அம்பிளிக்கை மையம், அடையாறு மருத்துவமனை ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2000இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையான பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள்; மற்ற 57 தொகுதிகளில் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதிகளோடு விடப்பட்டார்கள்.

சோதனையே வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் செவிலியர் கண்ணாலேயே பார்ப்பார். புற்றாக மாறக்கூடிய திசு இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வெளுப்புக் கண்ட பெண்ணுக்கு அங்கேயே உருப்பெருக்கியால் மறுபரிசோதனை செய்து, திசு எடுத்து, பொருத்தமானவர்களுக்கு உறையவைக்கும் குளிர்ச் சிகிச்சையையும் செவிலியரே அளித்தார்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணை ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பினால் அவர் வருவது ஐயமே. இன்னொரு நாள் கூலியை யார் தருவார்கள்?

ஊர்ப்பேச்சு, வீடுவீடாகச் சென்று அழைத்தல், ஊருக்குள்ளேயே சோதனை முகாம் என்ற வரிசையில் வேலை நடந்தது. அழைக்கத் தகுதியான 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். வெள்ளைப்படுதல் பற்றிக்கூடக் கணவனிடம் வாய்திறக்காத குடும்பச் சூழலில், நோய் அறிகுறி ஏதும் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் இத்தகைய சோதனைக்கு முன்வந்ததே இந்த ஆய்வின் முதல் வெற்றி எனலாம். சோதித்துப் பார்த்ததில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வெளுப்புக் கண்டது. புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியானவர்களில் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றார்கள்.

முடிவுகள் 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. ஒரே ஒரு முறை செய்த சோதனையால், அழைக்கப்பட்ட தொகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதுப் பெண்களிடையே சாவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இதே சோதனை எங்கும் இதே பலனைத் தந்துவிடவில்லை. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான பெரிய ஆய்வில், இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசைக் கண்டறியும் சோதனை சாவைப் பாதியளவுக்குக் குறைத்தது. கண்ணால் பார்க்கும் சோதனை குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. பார்க்கும் செவிலியரின் பயிற்சியும், பார்த்த கையோடு சிகிச்சை கிடைப்பதும் சேர்ந்தால்தான் இந்த எளிய முறை பலிக்கும் என்று கொள்வதே பொருத்தம். இந்திய ஆய்வுகளில் ஒரு பகுதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது அறமா என்ற கேள்வியைப் பின்னாளில் அமெரிக்க மருத்துவர் சிலர் எழுப்பினார்கள். அம்பிளிக்கை ஆய்வின் சோதிக்கப்படாத தொகுதிகளில் அந்த ஆண்டுகளில் 92 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். சோதனையே இல்லாத நாட்டில் எது பலனளிக்கும் என்று கண்டறிய வேறு வழியில்லை என்பது ஆய்வாளர் தரப்பு. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த 92 என்ற எண்ணை இந்த வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது.

அரசுத் திட்டமாதல்

அடுத்த அடி மலையின் மறுபக்கத்தில் விழுந்தது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2007இல் தேனி, தஞ்சாவூர் ஆகிய இரு மாவட்டங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. தொண்டு மையம் ஒன்று செய்ததை ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் செய்ய முடியுமா என்பதே அங்கே பார்க்கப்பட்டது. 2012 முதல் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் மாநிலம் முழுவதற்கும் விரிவானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை உருவாக்கியது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்குமான சமூக அளவிலான சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. வழிகாட்டிய திண்டுக்கல் அந்த முதல் பட்டியலில் இல்லை.

மலைமேல்

கொடைக்கானலின் தொடக்கமே உடல்நலம் தேடி வந்தவர்களால்தான். சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். ஆனால் மலையிலேயே பிறந்து வாழும் பளியர், புலையர், குன்னுவர் சிற்றூர்களுக்கு மருத்துவம் எப்போதும் தொலைவில்தான். வெள்ளகவி போன்ற ஊர்களில் நெடுங்காலம் சாலையே கிடையாது. நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும். கதிர்ச் சிகிச்சைக்கு மதுரை பாலரெங்காபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் வரை போக வேண்டும். திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது.

மலைக்கிராமத்துக்கு முகாம் போட வருபவர்கள் அறிகுறிகளைப் படம் காட்டிச் சொல்கிறார்கள்: ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு. சொன்னது புரியாமல் போவதில்லை. புரிந்துகொண்ட பெண் அதற்குப்பின் பேருந்துக்கும், துணைக்கு வருபவரின் கூலிக்கும், மதுரையில் தங்குவதற்கும் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில்தான் நோய் முற்றுகிறது. இத்தனைக்கும் 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்த ஊர் கொடைக்கானல். பெண்கள் நலக்கல்விக்கு இயல்பாகவே வாய்த்த இடம் அது.

கொடைக்கானலைப் பற்றி நாடறிந்த சுகாதாரப் பிரசாரம் வேறொன்று. 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவுக்கு எதிரான போராட்டம், 2015இல் ஒரு ராப் பாடலால் உலகெங்கும் பேசப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் ஆலை நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாதரசம் முதன்மையாகத் தாக்குவது நரம்பையும் சிறுநீரகத்தையும். அதைப் புற்றுநோய் வரலாற்றோடு குழப்பிக்கொள்வது இரண்டுக்குமே உதவாது.

பள்ளிகள்

பள்ளியில் இந்த விழிப்புணர்வு பெரும்பாலும் புகையிலையைச் சுற்றியே நடக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களுக்கும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும் புகையிலை விற்கத் தடை விதித்தது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், அந்த எல்லையைப் பள்ளிகளே மஞ்சள் கோடிட்டுக் காட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலாவுக்குத் தடை 2001இல் முதலில் வந்து, நீதிமன்றத்தில் விழுந்து, 2013இல் மீண்டும் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் புகையிலை, மது, புற்றுநோய் பற்றிய பாடம் உண்டு.

மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் கோடை விடுமுறையில் வருவதால் பள்ளிக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாளும் பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாளும் ஊர்வலம், தட்டி, உறுதிமொழி, ஓவியப்போட்டி என்று கழிகின்றன. உறுதிமொழி எடுத்த மாணவன் மாலையில் அப்பாவுக்காகப் பெட்டிக்கடையில் போயிலை வாங்கிக்கொண்டு போவான்; பதினெட்டு வயதுச் சட்டத்தைக் கடைக்காரருக்கு நினைவூட்ட ஆளிருக்காது. அண்ணாவின் நினைவு நாளுக்கு மறுநாளே உலகப் புற்றுநோய் நாள் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பேச இதைவிட நல்ல வாய்ப்பு தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அமையாது.

தடுப்பூசி

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரசே காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியாவில் ஒன்பது இடங்களில் தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. அவற்றுள் அம்பிளிக்கையும் ஒன்று. 10 முதல் 18 வயதுப் பெண்களுக்கு இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பது கேள்வி.

2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளையும் நிறுத்தியது. காரணம் இந்த ஆய்வு அன்று. அப்போதைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் நடந்த வேறொரு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம். அங்கே சில சிறுமியர் இறந்தார்கள். அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் கம்மத்தில் பழங்குடி விடுதிச் சிறுமியருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்திட்டது அம்பலமாகி, நாடாளுமன்றக் குழுவின் கண்டனத்துக்கு உள்ளானது.

இடையில் நின்றதால், சிறுமியரில் பலர் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். நீடித்த எச்.பி.வி. 16, 18 தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணையும் மூன்று தவணைக்கு இணையாக, 90 விழுக்காட்டுக்கு மேல், வேலை செய்வது 2021இல் வெளியானது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கான சான்றுகளில் இதுவும் சேர்ந்தது. திட்டமிட்டுக் கிடைக்காத விடை இது. ஒரு தவணை போதும் என்றால் செலவு குறையும். மலைக்கிராமத்துப் பள்ளிக்குத் தடுப்பூசிக் குழு ஒருமுறை ஏறினால் போதும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, 14 வயதுச் சிறுமியருக்கு இந்தத் தடுப்பூசியைப் படிப்படியாக இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. 14 வயது என்பது ஒன்பதாம் வகுப்பு. ஊர்வலத்தோடு நின்ற பள்ளிப் பிரசாரம் இனி பெற்றோர் கூட்டத்துக்குள் போயாக வேண்டியிருக்கிறது. கம்மத்தில் நடந்ததை நினைத்தால், மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒப்புதல் படிவம் விடுதி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் பெற்றோரின் ஊர்வரை போய்க் கையெழுத்தாகித் திரும்ப வேண்டும்.