சிலம்பாற்றின் பெயர்

மதுரைக்கு வடகிழக்கே 21 கிலோமீட்டரில் அழகர்கோயில். பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட்டு, கள்ளழகரைச் சேவித்து, கையோடு மதுரை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறவர்கள் பலர். மலைமேல் போகிறவர்களும் பெரும்பாலும் வேனில்தான் ஏறுகிறார்கள். நடந்து போனால் என்ன? தார்ச்சாலைதான், ஏற்றமும் கடுமையில்லை. ஏழு வயதுப் பிள்ளை முன்னால் ஓடும், பாட்டி வளைவுக்கு வளைவு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள். கையில் பழப்பை மட்டும் தொங்கக்கூடாது. கைப்பிடிச் சுவரில் காத்திருக்கும் குரங்குகள் பையைப் பார்க்கின்றனவே தவிர, ஆளைப் பார்ப்பதில்லை.

சாலை முடியும் இடத்தில் ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கையும் இருக்கின்றன. உலகளந்தபோது மேலே சென்ற திருமாலின் திருவடியைப் பிரமன் நீராட்ட, காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீரே இந்தச் சுனை என்பது தலபுராணம். நூபுரம் என்றால் சிலம்பு. சிலம்பாறு என்ற பழைய தமிழ்ப் பெயரை அப்படியே வடமொழியாக்கினால் நூபுர கங்கை வந்துவிடும்.

ஆனால் தமிழில் சிலம்பு என்ற சொல்லுக்குக் காலில் அணியும் நகை மட்டுமா பொருள்? மலைக்கும் சிலம்பு என்று பெயர். குறிஞ்சித் தலைவனுக்குச் சிலம்பன் என்று பெயர் வந்தது அதனால்தான். ஒலித்தலுக்கும் சிலம்புதல் என்பார்கள். ஆக, சிலம்பாறு என்பது முதலில் வெறும் மலையாறாகவோ, சலசலக்கும் ஆறாகவோ இருந்திருக்கலாம். கால்நகை என்ற பொருள் முன்னுக்கு வந்தபின் புராணம் பிறந்திருக்கும். பெயர் வடமொழிக்கு மாறியதும் மற்ற இரண்டு பொருளும் மறைந்துபோயின. கல்வெட்டு வைத்து நிறுவக்கூடிய வாதமல்ல இது. ஓடையின் ஓசை காதில் விழும்போது நம்பத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பெயரின் பழமையில் மட்டும் ஐயமில்லை. இந்த மலையை இருங்குன்றம் என்று போற்றும் பரிபாடலின் 15ஆம் பாடலிலேயே சிலம்பாறு வருகிறது. பாடியவர் இளம்பெருவழுதியார். மாயோனும் அவன் தமையன் பலதேவனும் சேர்ந்து நின்ற மலையாக அதைக் காட்டுகிறார் அவர்.

சிலப்பதிகாரம் இன்னும் சுவையானது. மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையவன் மூன்று பாதைகளைச் சொல்கிறான். இடப்பக்கப் பாதையில் திருமால் குன்றம், இதே மலைதான். அங்கே ஒரு பிலம், அதாவது குகை. அதனுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள். முதலாவதில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும், இரண்டாவதில் பழம்பிறப்புத் தெரியும், மூன்றாவதில் நினைத்தது நடக்கும். சிலம்பாற்றங்கரையில் பூத்து நிற்கும் மரத்தடியில் வரோத்தமை என்ற பெண்ணொருத்தி தோன்றுவாள். இம்மை இன்பம் எது, மறுமை இன்பம் எது, இரண்டையும் கடந்து நிலைப்பது எது என்று கேட்பாள். விடை சொன்னவருக்கே பிலத்தின் கதவு திறக்கும். உடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் அசரவில்லை. இந்தப் பொய்கைகளில் மூழ்கிப் பெற வேண்டியது தங்களுக்கு ஒன்றுமில்லை என்று மறுத்துவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், கவுந்தி வேண்டாமென்ற அதே அழகர்மலைத் தொடரில்தான், கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில், சமணத் துறவியருக்குக் கற்படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு சுனை. தலைக்கு மேலே பாறை விளிம்பில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் பிராமி எழுத்துகள். கொடையாளிகளில் அரசர் வரிசை இல்லை. மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், வெல்லம் விற்றவன், கொழு விற்றவன், துணி விற்றவன் என்று கடைத்தெரு ஆட்கள்தான். உப்பு மூட்டையோடு வெயிலில் அலைந்தவனுக்குத் தண்ணீருள்ள இடத்தின் அருமை தெரியாதா? இந்தக் குகைக்கு வழி தனி. சுனைக்குப் போகும் நாளிலேயே இதையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் களைத்துவிடும்.

மலைச்சாலைக்கே திரும்புவோம். வழியில் பழமுதிர்சோலை முருகன் கோயில், அறுபடை வீடுகளில் ஆறாவது. பழமுதிர்சோலை என்பது ஊர்ப்பெயரா, பழமுதிரும் சோலை என்ற பொதுத்தொடரா என்று அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் ஔவையிடம் கேட்ட கதையைச் சொல்லி நாவல் மரத்தைக் காட்டும் தாத்தாக்களுக்கு அந்த வாதத்தைப் பற்றிக் கவலையில்லை.

சுனை எந்த இடுக்கிலிருந்து புறப்படுகிறதென்று கண்ணுக்குப் புலப்படாது. கட்டடத்துக்குள் தொட்டியில் விழுகிறது. வெளியே வரிசையில் நின்று தலையைக் காட்டுகிறார்கள். முதல் வீச்சில் பிள்ளைகள் கத்தும், இரண்டாவதில் சிரிக்கும், மூன்றாவதில் வெளியே இழுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வரோத்தமை நின்ற ஆற்றுத் தலையில் இன்று ராக்காயி காவலிருக்கிறாள். இருவரையும் முடிச்சுப் போடச் சான்று எதுவும் கிடையாது. அங்கே நிற்கும்போது நினைக்காமலிருக்கவும் முடியாது.

கீழே கோயிலில் உற்சவர் சுந்தரராஜருக்கு இந்தத் தண்ணீரில்தான் திருமஞ்சனம். வேறு நீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசி வளர்பிறைத் துவாதசியில் தைலக்காப்புக்கு அழகரே மலையேறி வந்து எண்ணெய் தேய்த்து நீராடிப் போகிறார். சித்திரையில் அவர் வைகையில் இறங்குவதை ஊரே திரண்டு பார்க்கிறது. இந்தக் காட்டுக் குளியலுக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் இல்லை. அழகர் கோயிலையும் சுற்றுப்புற மக்களையும் ஆராய்ந்து தொ. பரமசிவன் எழுதிய ‘அழகர் கோயில்’ நூலைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு விழாவும் வேறு மாதிரி தெரியும்.

இறங்கி வந்ததும் பசிக்கும். சம்பா தோசை அதற்கென்றே காத்திருக்கிறது: தோலோடு அரைத்த உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய், அடையைவிடக் கனம், ஓரம் முறுகல், பிட்டால் நடுவில் மெத்து. மாவு கரைப்பதும் மேலிருந்து வரும் நீரில்தான் என்பார்கள். பாட்டி ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் தையல் இலையோடு மடித்து முந்தானையில் முடிகிறாள். பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. குரங்கும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.