சும்மாடு வைத்த தலையில் ஹெல்மெட் எப்படி ஏறும்? கம்பம் பள்ளத்தாக்கு கட்டட வேலையும் தலைக்கவசமும்

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என எந்த ஊரில் இறங்கி உள்தெருவுக்குள் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும். காலையில் கொத்தனார் பைக்கில் வந்து இறங்குவார். தலையில் ஹெல்மெட் இருக்கும். வழியில் போலீஸ் செக்கிங் இருக்குமே! இறங்கியதும் அதைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டுவார். துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறிவிடுவார். இனி சாயங்காலம் வரைக்கும் அந்தத் தலைக்கு அந்தத் துண்டுதான் பாதுகாப்பு.

ஏன் போட மாட்டேங்கிறாங்க? "அலட்சியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அலட்சியமும் உண்டுதான். ஆனால் அதைத் தாண்டி மூன்று காரணங்கள் இருக்கின்றன: வேலை நடக்கும் விதம், வெயில், சட்டத்தின் வரம்பு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கட்டட ஹெல்மெட்டுக்குள் என்ன இருக்கிறது?

பைக் ஹெல்மெட்டும் கட்டட ஹெல்மெட்டும் ஒன்றல்ல. பைக் ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒரு தடித்த படுகை இருக்கும். வேகமாகத் தரையில் மோதும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். கட்டட ஹெல்மெட் வேலை செய்வது வேறு மாதிரி. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே பட்டைகளால் பின்னிய ஒரு தொட்டில். தலை அந்தத் தொட்டிலில்தான் உட்காரும், ஓட்டைத் தொடாது. ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உயிரைக் காப்பாற்றும் பகுதி. மேலிருந்து கல் விழுந்தால் ஓடு கீழே இறங்கும், பட்டைகள் இழுபட்டு அடியைத் தலை முழுக்கப் பரப்பும்.

அதனால்தான் அந்த இடைவெளியில் எதையும் செருகக் கூடாது. பீடிக் கட்டு, செல்போன், மடித்த துண்டு என்று பலர் அதை ஒரு பாக்கெட் மாதிரி பயன்படுத்துகிறார்கள். இடைவெளி அடைபட்டால், விழுகிற அடி நேராக மண்டைக்கு இறங்கும். தலைப்பாகை கட்டி அதற்கு மேல் ஹெல்மெட் வைப்பதும் இதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கட்டட ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 397, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட் மேல் போட்டுச் சோதிக்கிறது. தலைக்கு வந்து சேரும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. நம்மூர் வீட்டு வேலையில் ஒரு செங்கல் சுமார் 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது முதல் தளத்திலிருந்து, அதாவது 3 மீட்டர் மேலிருந்து கீழே நிற்பவர் தலையில் விழுந்தால், மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். அந்த அடியின் ஆற்றல், சோதனையில் கொடுக்கும் அடியைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. ஹெல்மெட் போட்டிருந்தாலே ஆபத்து என்னும்போது துண்டு என்ன செய்யும்?

ஆக, ஹெல்மெட் கடைசித் தடுப்பு மட்டுமே. முதலில் செங்கல் விழாமல் இருக்க வேண்டும். சாரத்தின் ஓரத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு பலகையை நிறுத்திக் கட்டினால், கால் பட்டு உருளும் கல்லும் கரண்டியும் அதிலேயே நின்றுவிடும். சாரத்துக்கு நேர் கீழே ஆள் நடக்காதபடி ஒரு கயிறு கட்டலாம். இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. ஆனாலும் பல இடங்களில் இரண்டையும் பார்க்க முடிவதில்லை.

இந்தப் பொருள் எப்போது வந்தது?

ரொம்பப் பழைய பொருள் இல்லை. கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொடுக்கும் முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டபோது, கட்டட வேலைக்கான ஹெல்மெட் என்ற ஒன்றே சந்தையில் கிடையாது. 1919-ல்தான் அமெரிக்காவின் புல்லார்ட் நிறுவனம், கேன்வாஸ் துணியை ஆவியில் வேகவைத்துப் பசை பூசிக் கெட்டியாக்கிய தொப்பியை விற்கத் தொடங்கியது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் போட்ட இரும்புத் தொப்பிதான் அதற்கு முன்மாதிரி. 1930-களில் ஹூவர் அணை கட்டும்போது தொழிலாளர்கள் தாங்களே துணித் தொப்பியைத் தாரில் முக்கிக் காயவைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. அங்கே பாலத்துக்கு அடியில் விரித்த வலை மட்டும் 19 பேரைக் காப்பாற்றியது. ஹெல்மெட்டோடு வலையும் வேண்டும் என்ற பாடம் அப்போதே இருந்திருக்கிறது.

சித்தாள் தலையில் ஹெல்மெட் எங்கே வைப்பது?

இந்த இடத்தில்தான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. ஹெல்மெட்டை வடிவமைத்தவர்கள் தலையை ஒரு 'காப்பாற்ற வேண்டிய உறுப்பு' என்று மட்டுமே நினைத்தார்கள். நம்மூரில் தலை என்பது வேலைக் கருவி. கலவைச் சட்டி, செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் தலை வழியாகத்தான் மேலே போகின்றன. சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துணியைச் சுருட்டி வளையமாக்கி உச்சந்தலையில் வைப்பார்கள்: சும்மாடு. 'சுமையடை' என்பதுதான் 'சும்மாடு' ஆனது என்று அகராதி சொல்லும். வழக்கம் அவ்வளவு பழசு.

ஹெல்மெட்டின் உச்சி வளைந்து வழுக்கும். அதன் மேல் சட்டி நிற்காது. வம்பாக நிற்க வைத்தாலும், திடீரென விழும் அடியைத் தாங்கச் செய்த பட்டைகள் நாள் முழுக்க 20 கிலோ அழுத்தினால் தளர்ந்து போகும். ஆக "எல்லோரும் ஹெல்மெட் போடுங்க" என்று சொல்லும்போது, அந்தத் தளத்தில் சித்தாளுக்கு நாம் எதையுமே சொல்லவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்க. கொத்தனார் சாரத்தின் மேலே நிற்கிறார். சித்தாள் கீழிருந்து சட்டியை நீட்டுகிறார். கல் விழுந்தால் யார் தலையில் விழும்? அதிக ஆபத்தில் நிற்பவருக்குத்தான் ஹெல்மெட் போட வழியில்லை. தளத்துக்கு நாலு ஹெல்மெட் வந்தாலும் அது இன்ஜினியர், மேஸ்திரி, கொத்தனார் என்ற வரிசையில் போய் முடிந்துவிடும்.

கழுத்தின் பாடு தனி. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ம் ஆண்டு மத்திய விதிகள், ஒரு வயது வந்த பெண் துணைக்கு ஆளோ கருவியோ இல்லாமல் தூக்கலாம் என்று வைத்த உச்ச வரம்பு 30 கிலோ. மேலே போட்ட கணக்குப்படி பத்து செங்கல். பத்தோடு நிறுத்தும் தளங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, தலைப் பாதுகாப்பை மேம்படுத்த முதலில் தலையிலிருந்து சுமையை இறக்க வேண்டும். ஹெல்மெட் அதற்குப் பிறகுதான். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பெல்லாம் தேவையில்லை. ஒரு கப்பியும் கயிறும் வாளியும் இருந்தால் கலவை மேலே போய்விடும். சமதரையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி போதும். தளம் போடும் நாளில் மட்டும் வாடகைக்கு வரும் லிஃப்ட் வைத்த மிக்ஸர் மிஷின் இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் அன்றைக்கு இருபது முப்பது பேர் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றுவார்கள்.

ஆனால் இதில் ஒரு வலி இருக்கிறது. மிஷின் வந்த நாளில் சித்தாள் கூலி போகிறது. "கழுத்து வலி பரவாயில்லை, வேலை வேணும்" என்று ஒரு அம்மா சொன்னால் அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. பூச்சு வேலையும் கட்டு வேலையும் பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் கரண்டி கொடுத்துப் பழக்கினால், சுமை போனாலும் கூலி போகாது. நம்மூரில் பெண் கொத்தனார்கள் இன்னும் அபூர்வம்தான்.

வெயிலும் ஆடிக் காற்றும்

சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. வெள்ளை அல்லது வெளிர் நிற ஹெல்மெட் அடர்நிறத்தைவிடக் குறைவாகச் சூடாகும். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள மாடல்களும் கிடைக்கின்றன. கம்பி வேலை, வயரிங் என மின்சாரம் பக்கத்தில் இருந்தால் மட்டும் துளை இல்லாததுதான் சரி. வேர்வைக்குத் துண்டுக்குப் பதிலாக, மெல்லிய பருத்திக் குல்லாயை உள்ளே போட்டுக்கொள்ளலாம். அது இடைவெளியை அடைக்காது.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வீசும் என்று ஆனி, ஆடியில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். தாடைப் பட்டை இல்லாத ஹெல்மெட் அந்தக் காற்றில் நிற்காது. குனிந்தாலே விழுந்துவிடும். முக்கியமாக, ஆள் சாரத்திலிருந்து தவறி விழும்போது தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் கழன்று போய்விடும். சாதாரணக் கட்டட ஹெல்மெட் உச்சியில் விழும் அடிக்காகச் செய்தது. கீழே விழுபவருக்கு அடி பெரும்பாலும் பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ படும். இதனால்தான் அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 2023 டிசம்பரில் தன் ஆய்வாளர்களுக்குப் பழைய வகையை விட்டுவிட்டு, பக்கவாட்டு அடியையும் தாங்கும், தாடைப் பட்டை உள்ள புதிய வகைக்கு மாறுவதாக அறிவித்தது. அந்த வகை இங்கே விலை அதிகம். குறைந்தபட்சம் பட்டை உள்ளதையாவது கேட்டு வாங்கி, பட்டையை மாட்ட வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 'ஐ.எஸ். 2925' என்ற எண் இருக்கிறதா பாருங்க. அதுதான் தொழிலக ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரம். 'ஐ.எஸ். 4151' என்றிருந்தால் அது பைக்குக்கானது. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். ஓட்டின் உள்பக்கம் தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் உளுத்துப் போகும். இரண்டு பக்கமும் கையால் அழுத்தும்போது நெறுநெறுவென்று சத்தம் வந்தால் அதன் கதை முடிந்தது. ஒருமுறை பெரிய அடி வாங்கியதையும் தூக்கிப் போட்டுவிடுங்க. பெயின்ட் அடிப்பது, தின்னரால் துடைப்பது இரண்டும் ஓட்டைப் பலவீனமாக்கும்.

யார் வாங்கித் தர வேண்டும்?

சட்டப்படி வேலை கொடுப்பவர்தான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996-ல் வந்த மத்திய சட்டமும் அதன் விதிகளும் இதைத் தெளிவாகச் சொன்னன. ஆனால் பத்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களும், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொந்த வீட்டு வேலையும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், நாலைந்து கையாள், சித்தாள். பள்ளத்தாக்கின் பெரும்பாலான வீடுகளை எழுப்புவது இந்த அளவு கூட்டம்தான்.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது பணிப் பாதுகாப்புத் தொகுப்பு. இதிலும் பத்து பேர் வரம்பு தொடர்கிறது. சொந்த வீட்டுக்கான விலக்கோ 50 லட்சம் ரூபாய்க்கு உயர்ந்துவிட்டது. கம்பத்திலோ சின்னமனூரிலோ 50 லட்சத்துக்கு மேல் போகும் சொந்த வீடுகள் எத்தனை இருக்கும்? அதாவது, இங்கே ஹெல்மெட் வாங்கித் தருவது என்பது பெரும்பாலும் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் பேசி முடிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. வேலையைப் பேசும்போதே ஆளுக்கொரு ஹெல்மெட், கப்பி, சாரப் பலகை என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம். நிலைக்கதவுக்கு ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது.

தலையில் அடிபட்டால்?

"லேசான அடிதான், கொஞ்சம் படுத்தா சரியாகிடும்" என்று விடுவதுதான் பல உயிர்களைக் கொண்டுபோகிறது. தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்குவது உண்டு. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கும். வாந்தி, விடாத தலைவலி, தூக்கக் கலக்கம், உளறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, காதிலோ மூக்கிலோ ரத்தம் என்று ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி பைக்கில் உட்கார வைக்காதீங்க, கழுத்தெலும்பில் அடி இருந்தால் அதுவே முடக்கிவிடும். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி, ஆண்டிபட்டி சாலையில் இருக்கிறது. நேரத்தைக் கணக்கு போட்டுக் கிளம்புவது நல்லது.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள் என யாரும் பதிவு செய்யலாம். பத்து பேர் கணக்கு இதற்குக் கிடையாது. விபத்து மரணம், ஊனம் இரண்டுக்கும் உதவித்தொகை உண்டு. பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் அட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர்களின் அட்டையில் கடைசித் தேதி என்னவென்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.