குறிப்பு: ஒரு சொல்லின் வரலாறு

'குறி' என்னும் அடியிலிருந்து பிறந்த 'குறிப்பு' என்ற சொல், அடையாளம், உள்ளக்கருத்து, வெளிப்படக் கூறாமல் உணர்த்துதல் ஆகிய பொருள்களில் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பிறர் மனத்தை முகத்தால் அறிவதைப் பேசும் திருக்குறளின் 71ஆம் அதிகாரமும், காதலர் நோக்கால் அறிவதைப் பேசும் 110ஆம் அதிகாரமும் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பைப் பெற்றிருப்பதிலிருந்தே இச்சொல்லின் வீச்சு விளங்கும்.

இலக்கண நூல்களில் இதே சொல் மேலும் நுட்பமான ஒன்றுக்குப் பெயராயிற்று. தொல்காப்பியம் உரிச்சொற்கள் பிறக்கும் நிலைக்களன்களாக இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றைக் கூற, உரையாசிரியரான சேனாவரையர், இசை செவியால் உணரப்படுவது என்றும், பண்பு பொறிகளால் உணரப்படும் குணம் என்றும், குறிப்பு மனத்தால் குறித்து உணரப்படுவது என்றும் வேறுபடுத்தினார். இரட்டைக்கிளவிகளுக்கும் இந்தப் பகுப்பு பொருந்தும். 'சலசல' நீரின் ஓசையைப் போலி செய்கிறது. ஆனால் 'கமகம' என்பதில் மணக்கும் பொருளின் ஓசை எதுவும் இல்லை, 'பளபள' என்பதில் ஒளிக்கு ஓசையே இல்லை, குற்றமுள்ள நெஞ்சு 'குறுகுறு'ப்பதையோ எந்தச் செவியும் கேட்டதில்லை. அவ்வாறிருந்தும், 'வழவழ', 'சொரசொர' என்னும் இரண்டையும் நாவால் ஒலித்துப் பார்ப்பவருக்கு, எது எண்ணெய் தடவிய பலகைக்கு உரியது, எது மரப்பட்டைக்கு உரியது என்பது, காரணம் சொல்ல இயலாதபோதும், ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது.

இந்த உணர்வு தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் 1929இல் வெளியிட்ட நூலில், வளைந்த உருவம் ஒன்றையும் கூர்முனைகள் கொண்ட உருவம் ஒன்றையும் காட்டி, 'பலூமா', 'தகேதே' என்னும் பொருளற்ற சொற்களை அவற்றுக்குப் பொருத்தச் சொன்னால், பெரும்பாலோர் தயங்காமல் முன்னதை வளைவுக்கும் பின்னதைக் கூர்மைக்கும் தருவதாக எழுதினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து 2001இல் 'பூபா', 'கிகி' என்னும் சொற்களைக் கொண்டு அதனை மீண்டும் ஆய்ந்தபோது, 95 விழுக்காட்டினர் அவ்வாறே பொருத்தினர்.

இதனால் எல்லாச் சொற்களும் ஓசையிலேயே பொருளைச் சுமக்கின்றன என்று முடிவு செய்வது பிழையாகும். 'மரம்' என்னும் ஒலியில் மரத்தன்மை எதுவும் இல்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று தொல்காப்பியம் உரியியலில் கூறும் நூற்பா, காரணத்தை முற்றிலும் மறுக்காமலும் எளிதில் எட்டும் என்று உறுதி கூறாமலும் நிற்பது, மிகச் சரியான நிதானமாகும்.

'குறிப்பு' என்னும் இப்பழஞ்சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் கைவிடவில்லை. ஓசையைப் போலி செய்யும் சொற்களை 'ஒலிக்குறிப்பு' என்றும், ஓசையற்றவற்றை 'விரைவுக்குறிப்பு' போன்ற பெயர்களாலும் அது பிரித்துப் பதிவு செய்துள்ளது.