ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: மேலாண்மை மாணவர்கள் புறப்படும் முன் அறிய வேண்டியவை

"வெளிநாட்டில் எம்.பி.ஏ." என்ற விளம்பரத்தைப் பார்த்து நகையை அடகு வைக்கும் பெற்றோர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சேர்ந்த கல்லூரியிலேயே படிப்பைத் தொடர்ந்தபடி, ஒரு செமஸ்டரை மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பும் வழி ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இதுவே மாணவர் பரிமாற்றத் திட்டம்.

சென்னையின் தென்புறநகரில் உயர்கல்விக்குக் குறைவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் வண்டலூரில் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மேலாண்மைப் படிப்பும் அங்கே உண்டு. சற்றுத் தள்ளி காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். இருக்கிறது. நம் பிள்ளைகள் பி.பி.ஏ., பி.காம்., எம்.பி.ஏ. படிக்கும் எந்த நிறுவனமாக இருந்தாலும், முதலில் போக வேண்டிய இடம் அதன் சர்வதேச உறவுகள் அலுவலகம்தான். ஏஜென்சி அல்ல.

கட்டணம் எங்கே?

முறையான பரிமாற்றத்தில் கல்விக் கட்டணத்தை இங்கே, நம் கல்லூரியிலேயே கட்டுகிறோம். அங்கே தனியாகக் கல்விக் கட்டணம் கிடையாது. விமானப் பயணம், விசா, தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவை மாணவரின் பொறுப்பு. அங்கும் முழுக் கட்டணம் கேட்டால் அது பரிமாற்றம் அல்ல. 'ஸ்டடி அப்ராட்' என்ற பெயரில் வரும் வேறு திட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜெர்மனியை உதாரணமாக எடுப்போம். மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் செலவுப் பணம் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 5 லட்சம். இது 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் கணக்கில் நம் பெயரிலேயே இருந்து, மாதந்தோறும் நமக்கே செலவுக்கு வரும் பணம். யாருக்கும் கட்டும் கட்டணம் அல்ல. வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள், முதலாம் ஆண்டிலிருந்தே சேமித்து எட்டக்கூடிய இலக்கு இது. தொகை மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும்போது தூதரகத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும்.

நம் கல்லூரிக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கும் 'எராஸ்மஸ் பிளஸ்' திட்டத்தின் கீழ் ஒப்பந்தம் இருந்தால், தேர்வாகும் மாணவருக்கு மாத உதவித்தொகையும் பயணச் செலவுக்கு உதவியும் கிடைக்கும். இதையும் கேட்டுப் பாருங்கள்.

கிரெடிட் போனால் வருடம் போகும்

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அங்கே படித்துத் தேறிய பாடத்தை இங்கே ஏற்காவிட்டால், திரும்பி வந்த பிள்ளைக்கு அது அரியராக நிற்கும். வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்களில் பல, அரியர் இருப்பவரை உள்ளே விடுவதில்லை.

ஐரோப்பாவில் முழு ஆண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30 என்று ஈ.சி.டி.எஸ். கிரெடிட் கணக்கிடுகிறார்கள். நம் கணக்கு வேறு. எனவே அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்பதைக் கற்றல் ஒப்பந்தத்தில் எழுதி, துறைத் தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது, இன்று சரி என்று சொன்ன பேராசிரியர் நாம் திரும்பும்போது அங்கே இல்லாமல் போகலாம்.

நாட்காட்டியும் முக்கியம். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் குளிர்கால வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நடக்கும். நம் அடுத்த செமஸ்டரோ டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. இடையில் விடுபடும் வருகைப் பதிவுக்கு என்ன வழி என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஒப்பந்தம் இன்றும் நடப்பில் உள்ளதா? மேலாண்மைத் துறைக்கும் பொருந்துமா, பொறியியலுக்கு மட்டுமா?
2. எத்தனை இடங்கள்? குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு?
3. சென்ற ஆண்டு போய்வந்த மாணவரிடம் பேச முடியுமா?
4. விடுதிக்கு அந்தப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்குமா?

குறைந்தது ஓராண்டுக்கு முன் தொடங்குவது நல்லது. பாஸ்போர்ட்டுக்கு தாம்பரத்திலேயே சேவை மையம் இருக்கிறது. மார்க்க காரணத்துக்காகத் தலையை மறைத்திருக்கும் புகைப்படம், முகம் முழுவதும் தெரிந்தால் ஏற்கப்படும். சமையலறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுத்தால் ஹலால் உணவுக் கவலை பெரும்பாலும் தீரும், செலவும் குறையும். ஜும்ஆ நேரத்தில் வகுப்பு வருகிறதா என்பதைப் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரின் கவலை நியாயமானது. அந்தக் கவலையை மறுப்பாக மாற்றாமல் கேள்விகளாக மாற்றி, அலுவலகத்துக்கு நேரில் சென்று பதில் பெறுவோம். பதில் திருப்தியாக இருந்தால், தகுதியுள்ள மகளின் வாய்ப்பைத் தடுக்க வேறு காரணம் தேட வேண்டாம்.