கார்புரேட்டர் தேய்பாக மாற்றம் (சிறு பெட்ரோல் பொறிகள்)

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் உரிய விகிதத்தில் கலந்து பொறிக்கு ஊட்டும் கருவி. முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காக்கும் சிறு உறுப்புகள் காலப்போக்கில் தேய்கின்றன, விறைக்கின்றன, அடைபடுகின்றன. அவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்துவதே தேய்பாக மாற்றம். மேலைநாடுகளில் இது வீட்டுத் தோட்டத்துப் புல்வெட்டியைச் சார்ந்த வேலை. தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களின் கரிசல் மானாவாரியிலோ மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரையும் சீமைக்கருவேலம் அறுக்கும் ரம்பத்தையும் சார்ந்தது.

வரலாறு

குழாய் குறுகும் இடத்தில் பாய்பொருளின் வேகம் கூடி அழுத்தம் குறைவதை இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பத்தீஸ்தா வெஞ்சூரி 1797இல் விளக்கினார். கார்புரேட்டரின் குறுகிய தொண்டைப்பகுதி அவர் பெயரால் வெஞ்சூரி எனப்படுகிறது. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியில் பெட்ரோல் தெளிக்கப்படவில்லை. தேங்கிய எரிபொருளிலிருந்து எழும் ஆவியே காற்றோடு கலந்தது. வெப்பநிலை மாறினால் கலவையும் மாறியது.

எரிபொருளைத் துளித்துளியாகச் சிதறடிக்கும் கார்புரேட்டரைக் கண்டுபிடித்த பெருமை அங்கேரியப் பொறியாளர்கள் தொனாத் பாங்கி, யானோஷ் சோங்கா இருவருக்கும் பெரும்பாலும் தரப்படுகிறது. புடாபெஸ்டில் 1893 பிப்ரவரியில் அவர்கள் காப்புரிமை கோரினர். பூக்காரி ஒருத்தி பூக்களின் மேல் நீர் தெளித்ததைப் பார்த்தே பாங்கிக்கு இந்த எண்ணம் உதித்தது என்ற கதையும் வழங்குகிறது. ஜெர்மானியரான வில்லெம் மைபாக்கின் தெளிப்புமுனைக் கார்புரேட்டரும் அதே ஆண்டில் பின்னர் வந்தது.

சிறு பொறிகளுக்கான கார்புரேட்டர் தனிக் கிளையாக வளர்ந்தது அமெரிக்காவில். மில்வாக்கியில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1953இல் அலுமினிய வார்ப்புப் பொறியைக் கொண்டுவந்ததும் புல்வெட்டி எடை குறைந்து வீடுதோறும் பரவியது. மரம் அறுக்கும் ரம்பத்தைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்கவேண்டியிருந்ததால் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை அதற்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டில்லட்சன், வால்ப்ரோ ஆகிய நிறுவனங்களின் டயாபிரம் கார்புரேட்டர்கள் அந்தக் குறையைத் தீர்த்தன.

வகைகள்

1. மிதவை வகை: கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் மிதவை எழுந்து ஊசியால் வாயை அடைக்கும். நிமிர்ந்தே நிற்கும் பொறிகளுக்கும் முதுகில் சுமக்கும் தெளிப்பான்கள் பலவற்றுக்கும் உரியது.

2. டயாபிரம் வகை: மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு ஊசியை இயக்கும், மற்றொரு சவ்வு பெட்ரோலை இறைக்கும். ரம்பத்துக்கும் தோளில் மாட்டும் புல்வெட்டிக்கும் உரியது.

3. தொட்டி வகை: பெட்ரோல் தொட்டியின் மேலேயே அமர்ந்து உறிஞ்சும். தமிழ்நாட்டில் அரிது.

தேய்வின் காரணங்கள்

கரிசலில் கார்புரேட்டரைக் கெடுப்பது ஓட்டம் அன்று, ஓய்வே. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைக்கும் உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளத்துக்கு மார்கழி வரை மருந்தடிப்பு நடக்கும். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்தபின் தெளிப்பானுக்கு வேலை கூடியது. அறுவடை முடிந்ததும் தொட்டியில் மிச்ச எண்ணெயோடு தொழுவத்தில் சாத்திவைக்கப்படும் மெஷின் அடுத்த புரட்டாசிக்குத்தான் வெளியே வரும். அதற்குள் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையை அடைத்துவிடும். பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் உறுப்புகளை உப்பவைக்கும்.

ரம்பத்தின் கதை வேறு. கரிமூட்டத்துக்கு விறகு வெட்டும் கோடையில் அதற்கு ஓய்வில்லை. காற்றுவடிகட்டி கிழிந்திருந்தால் புழுதி உள்ளே புகுந்து த்ராட்டில் தண்டை அராவும். அந்த இடைவெளியில் காற்று கசிந்து, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பொறி அலறும்.

மாற்றும் முறை

மிதவை வகையில் முதலில் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். கீல் ஊசியை உருவினால் மிதவையும் வால்வு ஊசியும் கையோடு வரும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே எண்ணெய் தளும்பும் ஓசை கேட்கக்கூடாது. கேட்டால் அது ஓட்டை. ஊசி முனையைச் சுற்றி மோதிரத் தடம் விழுந்திருந்தால் அது அடைக்காது, எண்ணெய் வழியும். ஜெட்டைக் கிளீனர் தெளித்துக் காற்றடித்துச் சுத்தம்செய்வதே முறை. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை அகன்று, பொறி எண்ணெயை வீணாகக் குடிக்கும்.

டயாபிரம் வகைக்குச் சவ்வுகள், கேஸ்கட்டுகள், ஊசி, வடிகட்டி வலை அடங்கிய ரிப்பேர் கிட் கிடைக்கிறது. நல்ல சவ்வு விரலில் துவளும். கெட்டது காய்ந்த பனையோலைபோல் சலசலக்கும். பொருத்தும் வரிசையில்தான் புதியவர்கள் தவறுவர். ஊசியை இயக்கும் அளவிடும் பக்கத்தில் உடலை ஒட்டிக் கேஸ்கட், அதன்மேல் சவ்வு. இறைக்கும் பக்கத்தில் உடலை ஒட்டிச் சவ்வு, அதன்மேல் கேஸ்கட். மாறினால் பொறி கிளம்பாது, கிளம்பினாலும் நிலைத்து ஓடாது. ஊசியைத் தாங்கும் நெம்புகோலின் உயரத்தையும் தயாரிப்பாளர் சொன்னபடி சரிபார்க்க வேண்டும். கலவைத் திருகுகளை மெல்ல இறுதிவரை மூடி, ஒரு சுற்றுத் திறந்து தொடங்குவது வழக்கம்.

த்ராட்டில் தண்டு தேய்ந்தால் மட்டுமே முழுக் கார்புரேட்டரையும் மாற்றவேண்டிவரும். மற்ற பழுதுகளுக்கு ரிப்பேர் கிட்டே சிக்கனமான வழி. மலிவுப் போலிக் கார்புரேட்டரை வாங்கி மாட்டுவது சோம்பல் வைத்தியமே.

காப்பு

பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, பொறி தானாக அணையும்வரை ஓட்டிவைத்தால் மேற்சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை தேவைப்படா. இரட்டை வீச்சுப் பொறிக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில் என்பது 25:1 கலவை, 20 மி.லி. என்பது 50:1.

இன்றைய நிலை

கார்புரேட்டர் வேண்டாத மின்கலத் தெளிப்பான்களும் டிரோன்களும் பரவிவருகின்றன.