ஜாம்ஷெட்பூரிலும் மெட்ராஸிலும் ஒரே விலை

லிஃப்ட் செலவில் தரைத்தள வீட்டுக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டுமா? அபார்ட்மெண்டில் குடியிருக்கும் யாருக்கும் இந்த வழக்கு புதிதல்ல. இதே கணக்கை மத்திய அரசு ஒரு காலத்தில் தேசம் முழுவதற்கும் போட்டது. லிஃப்ட்டுக்குப் பதில் சரக்கு ரயில், மாடிகளுக்குப் பதில் மாநிலங்கள். அந்தக் கணக்கில் மேல்மாடியில் இருந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாம்.

இந்தியாவின் இரும்புத் தாதும் நிலக்கரியும் பெரும்பாலும் கிழக்கிலும் மத்தியிலும் கிடக்கின்றன. அதனால்தான் டாடா ஆலை ஜாம்ஷெட்பூரில் எழுந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசு கட்டிய பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆலைகளும் அதே பக்கம்தான். ஜாம்ஷெட்பூரிலிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் 1,600 கிலோமீட்டருக்கு மேல். ரயில் கூலியும் சேர்ந்தால் இங்கே எஃகு விலை ஏறிவிடும். அப்புறம் லாரியோ சைக்கிளோ பம்ப்செட்டோ செய்ய நினைக்கும் முதலாளி இங்கே ஏன் ஷெட் போடப் போகிறார்?

1956இல் சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை வந்தது. எஃகை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் கூலியைச் சராசரியாக்கி, ஒவ்வொரு டன் விலையோடும் சேர்த்துவிடுவார்கள். ஆலை வாசலிலேயே வாங்கிப் போகிறவரும் அந்தச் சராசரியைக் கட்டியாக வேண்டும், அவருடைய சரக்கு ரயிலேறவே இல்லை என்றாலும். அவர் கூடுதலாகக் கட்டுவது தொலைவில் இருப்பவரின் கூலியை ஈடுகட்டும். ஆக, எந்த ரயில் நிலையத்தில் இறக்கினாலும் விலை ஒன்றுதான். சிமெண்டுக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடு இருந்தது. மானியம் என்ற பெயர் இல்லாத மானியம் இது. யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்பது விலைக்குள்ளேயே மறைந்துவிட்டது.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அதே 1956 ஏப்ரலில் வெளியான தொழில் கொள்கைத் தீர்மானம், வட்டாரங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்று சொன்னது. கனிமம் இல்லாத ஒரே காரணத்தால் ஒரு மாநிலம் பின்தங்கிவிடக் கூடாது என்று நினைத்தது நியாயம்தானே?

நம் பக்கம் பலன் கிடைத்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, கோயம்புத்தூரின் பம்ப்செட் பட்டறைகள் என எல்லாமே இரும்பைத் தின்னும் தொழில்கள். இவற்றில் சில கொள்கைக்கு முன்பே தொடங்கியவை. ஆனால் அவை பெருகி, சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்த காலத்தில் எஃகு விலை அவற்றுக்குத் தடையாக இருக்கவில்லை. காமராஜர் ஆட்சியும் தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமனும் போட்ட தொழிற்பேட்டைகளையும், மின்சாரத்தையும், துறைமுகத்தையும் மறந்துவிடக் கூடாது. எல்லாப் பெருமையும் ரயில் கூலிக்குப் போக வேண்டியதில்லை. என்றாலும் தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பேசும்போது இந்த ஒன்றை மட்டும் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

கொடுத்தவர்கள் பக்கம் என்ன நடந்தது? பிகாருக்கும் மேற்கு வங்காளத்துக்கும் ஒரிசாவுக்கும் இருந்த பெரிய சாதகமே கனிமம் காலடியில் கிடந்ததுதான். அது ஒரே உத்தரவில் மதிப்பிழந்தது. தாதைத் தோண்டும் வேலை அங்கே. தகடாகி, கியராகி, வண்டியாகும் வேலை மேற்கிலும் தெற்கிலும். ஹவுராவின் பொறியியல் பட்டறைகள் நலிந்ததற்கு 1960களில் ரயில்வே ஆர்டர்கள் குறைந்ததும், தொழிலாளர் போராட்டங்களும்கூடக் காரணம். ஆனால் வங்காளத் தலைவர்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்ட ஒரு கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவே இல்லை. எஃகுக்கு ஒரே விலை என்றால், மேற்கிந்தியாவில் விளையும் பஞ்சுக்கு ஏன் இல்லை? கல்கத்தா மில் பஞ்சு வாங்கினால் முழுக் கூலியும் அதன் தலையில்தான். லிஃப்டுக்கு எல்லோரும் பங்கு போடுங்கள், தோட்டத்துத் தண்ணீருக்கு மட்டும் அவரவர் கட்டுங்கள் என்று சொன்னால் நம் பொதுக்குழு சும்மா இருக்குமா?

சிமெண்டுக்கு 1980களின் இறுதியிலும் எஃகுக்கு 1990களின் தொடக்கத்திலும் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. விசாகப்பட்டினத்திலும் ஒரு எஃகு ஆலை வந்து தெற்கின் தூரம் குறைந்திருந்தது. 2000 நவம்பரில் பிகாரிலிருந்து பிரிந்த ஜார்க்கண்ட், சுரங்கங்களோடும் வறுமையோடும் தனிக் குடித்தனம் தொடங்கியது. கொள்கை முடிந்த பிறகுதான், 1990களின் பிற்பாதியில், ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஃபோர்டு மறைமலைநகருக்கும் வந்தன. அப்போது அவர்கள் பார்த்தது ரயில் கூலியை அல்ல. பக்கத்தில் துறைமுகம், உதிரிபாகம் செய்து கொடுக்கப் பட்டறைகள், வேலை தெரிந்த ஆட்கள். இதில் பின்னிரண்டும் ஒரே விலைக் காலத்தில் இங்கே வளர்ந்தவை.