அம்பு செய்தவர்கள் அரக்குக்காரர் ஆன கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை விட்ட பிறகு தரம் 10 பையன் ஒருவன் ஒரு வீடியோ காட்டினான். மரத்தால் செய்த வில். மூன்று துண்டாகக் கழற்றி பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். கைப்பிடி ஒரு துண்டு, மேல் கை ஒன்று, கீழ் கை ஒன்று. போய்ச் சேர்ந்ததும் ஆணி முறுக்கிப் பூட்டிவிடலாம். "சேர், இதெல்லாம் வெள்ளைக்காரன்ட மூளைதானே?" என்று கேட்டான். அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்தியது.

வில் செய்வது என்றால் கம்பை வளைத்துக் கயிறு கட்டுவதுதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாமும் சின்ன வயதில் மூங்கிலில் அப்படிச் செய்து உம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான். உண்மையான மரவில்லுக்குப் பொறுமை வேண்டும். நாணை இழுக்கும்போது எய்பவருக்கு அப்பால் இருக்கும் முதுகுப் பக்கம் இழுபடும், அவரைப் பார்க்கிற வயிற்றுப் பக்கம் நெருக்கப்படும். முதுகில் மரத்தின் நார் அறுபட்டால் அந்த இடத்தில்தான் வில் பிளக்கும். ஆகவே முதுகைத் தொடாமல் வயிற்றைத்தான் சீவுவார்கள். கொஞ்சம் சீவுவது, வளைத்துப் பார்ப்பது, இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பது, பிறகு மீண்டும் சீவுவது. அவசரப்பட்டு ஒரு பக்கம் கூடச் சீவிவிட்டால் போட்ட வேலை அவ்வளவும் வீண். நடுவில் கை பிடிக்கும் இடம் மட்டும் தடிப்பாக, வளையாமல் நிற்கும். கழற்றும் வில்லுக்கு மூட்டு அந்த இடத்தில் வருவதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். 17, 18ஆம் நூற்றாண்டு இந்தியாவில் எஃகால் வில் செய்தார்கள். அவற்றில் சிலவற்றின் கைப்பிடி நடுவில் புரி வெட்டியிருக்கும். திருகினால் வில் இரண்டாகிவிடும். ஏன் எஃகு? துருக்கியரும் மொகலாயரும் பயன்படுத்திய சிறந்த வில் மரத்தின் வயிற்றில் கொம்பும் முதுகில் விலங்கின் தசைநாரும் வைத்துப் பசையால் ஒட்டியது. எய்வதற்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஈரம் பட்டால் அந்தப் பசை இளகிவிடும். எஃகு வில் அவ்வளவு தூரம் எய்யாது, ஆனால் ஆயுதசாலையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தாலும் கெடாது.

மழை என்றதும் நமக்குக் கண்டிதான் ஞாபகம் வரும். ஆடி மாதம் அலுமாரியில் வைத்த செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது. இங்கே ஒரு மரவில்லை எப்படிக் காப்பாற்றியிருப்பார்கள்?

கண்டி இராச்சியத்தில் 'ஈ வடுவோ' என்று ஒரு கைவினைஞர் கூட்டம் இருந்தது. சிங்களத்தில் 'ஈ' என்றால் அம்பு, 'வடுவா' என்றால் தச்சன். அம்புத் தச்சர்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலில் இவர்களைப் பற்றி எழுதுகிறார். (அவர் சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன், தொழிலால் கனிமவியலாளர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கலையைக் கண்டெடுத்தார்.) ஆனால் அந்த நூலில் ஈ வடுவோ என்ற பெயர் அரக்கு வேலை செய்பவர்களுக்கு உரியதாக இருக்கிறது. அம்பும் வில்லும் ஈட்டிக் காம்பும் செய்து அவற்றுக்கு அரக்குப் பூசியவர்களிடம் ஆயுதம் போய், அரக்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

அரக்கு என்பது மரக்கிளையில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைப் பொடித்து, சுத்தமாக்கி, சூடாக்கி இழுத்து, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறம் சேர்ப்பார்கள். கடைசல் மரம் சுழலும்போது அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி மரத்தில் படியும். மாத்தளைப் பக்கம் பல்லே ஹபுவிதவில் வேறு முறை: இளகிய அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் பதித்து, நகத்தாலேயே வெட்டுவார்கள். பிறகு தாளிப்பனை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். இதை அழகுக்கு என்று மட்டும்தான் நாம் நினைத்திருந்தோம். ஆனால் அரக்குப் படிந்த மரத்துக்குள் ஈரம் இலகுவில் இறங்காது. கண்டியின் மழையில் ஆயுதம் செய்தவனுக்கு அது அலங்காரமாக மட்டும் இருந்திருக்க முடியாது என்பது நமது எண்ணம்.

அம்பு முனையைச் செய்தவன் கொல்லன். 1660இல் பிடிபட்டு 19 வருடம் இந்த இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபட் நொக்ஸ், கடைசியில் நம் உடுநுவரப் பக்கம் எலதெத்தவில் குடியிருந்தார். 1681இல் வந்த அவருடைய நூலில் வேடர்கள் அம்பு முனை வாங்கும் விதம் இருக்கிறது. வேண்டிய வடிவில் ஓர் இலையை வெட்டி, இறைச்சியோடு சேர்த்து இரவில் கொல்லனின் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் அவன் மேல் அம்பு வரும். வட்ஸ்அப் இல்லாத காலத்து ஓடர்!

வேடனிடம் மட்டுமல்ல, அரசனின் படையிலும் வில் இருந்தது. 1638 மார்ச் 28இல், பேராதனைக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையில், இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை ஒழித்த போரில் துப்பாக்கியோடு வில்லும் பேசியது.

இன்னொரு அம்பை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம், அல்லது மறக்க விரும்புகிறோம். மன்னர் காலத்தில் தவளம் ஓட்டிய நம்மவர்கள் 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துப் பிரிவில் இருந்தார்கள். 1815இல் கண்டியைப் பிடித்த பிரித்தானியர், வெல்லஸ்ஸ முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாக வைத்தார்கள். அது அந்தப் பகுதித் தலைவர்களைக் கொதிக்க வைத்தது. 1817இல் கிளர்ச்சி கிளம்பியபோது ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி டக்ளஸ் வில்சன் அம்பு பட்டு இறந்தார். துவக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் போரில் அம்பு எய்ய ஆள் இருந்தது. அந்த நியமனத்தை வைத்து இன்றைக்கும் நம்மைக் குத்திப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்களோ வெட்கப்பட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. வெள்ளைக்காரன் ஒருவனைப் பிரித்து எடுத்து இன்னொருவனுக்கு எதிரே நிறுத்திய கதை அது. பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறோம்.

அரக்கு வேலை இன்னும் இருக்கும் இடங்களில் ஒன்று ஹுரிகடுவ, மெனிக்கின்னப் பக்கம். உண்மையைச் சொன்னால், 2018 மார்ச்சுக்குப் பிறகு கொஞ்சக் காலம் அந்தப் பாதையால் போகவே நமக்கு மனம் வரவில்லை. இந்தத் தவணை விடுமுறையில் அந்தப் பையனையும் இன்னும் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அவன் இப்போதே ஒரு கமுகஞ் சலாகையைச் சீவ ஆரம்பித்துவிட்டான். இரண்டு கை, ஒரு பிடி, நடுவில் ஆணி. செய்து முடித்தால் அதற்கு அரக்குப் பூசித் தருவீர்களா என்று அங்கே ஒருவரைக் கேட்க வேண்டுமாம்.

வேனில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. வரவிரும்பும் பெற்றோர் உள்பெட்டியில் சொல்லுங்கள்.